அப்பள அக்காவும் எல்.ஐ.சி. டைரியும்

கொஞ்ச நாளாக ஆபீஸில் ஆணி அதிகம். இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியவில்லை, மன்னிக்கவும் மக்களே. போன ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்ட கையோடு பொட்டி தட்ட உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அப்பள அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, ஒருத்தன் நாலு நாளா போன் பண்ணுதான். ஏஐ வச்சு நம்ம அப்பளத்துக்கு வீடியோ போட்டுத் தாரானாம். மாசம் எட்டாயிரமாம். இனிமே யாரும் எதையும் தேடிப் பாக்க மாட்டாங்களாம், எல்லாரும் ஏஐகிட்டதான் கேப்பாங்களாம். இப்பவே சேரலேன்னா பொறவு நம்ம யாவாரம் யார் கண்ணுலயும் படாதாம். நெசமாப்பா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்க்கா" என்று வைத்துவிட்டேன்.

காதில் வாங்கிக்கொண்டிருந்த தங்கமணி அடுப்படியிலிருந்தே சொன்னார்: "இந்தத் தடவையாவது அவங்களுக்கு ஒழுங்கா யோசனை சொல்லுங்க."

சுருக்கென்று குத்தியது. ஏன் குத்தியது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுற்ற வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. எனக்கு அம்பாசமுத்திரம். நடுவில் தாமிரபரணி மட்டும்தான். ஆனால் நாங்கள் பழகியது பெங்களூர் ராமமூர்த்தி நகரில். 2003-இல் நான் இங்கே வந்து இறங்கியபோது, நான் இருந்த மாடி அறைக்கு எதிர்வீடு அவர்களுடையது. அத்தான் ஒரு பொதுத்துறை ஆலையில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார். வந்த பணத்தில் பாதி கடனுக்குப் போயிற்று. இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடக் கட்டணம். அக்கா அப்பளம் இட ஆரம்பித்தார். அப்புறம் வடகம், சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி. கல்லிடைக்குறிச்சி என்றாலே அப்பளம்தானே, ஊர்ப்பெயரே பாதி விளம்பரம்.

அந்த வியாபாரத்தின் மொத்த தொழில்நுட்பமும் ஒரு பழைய எல்.ஐ.சி. டைரி. நான் அதைப் பார்த்திருக்கிறேன். பெயர், போன் நம்பர், வீடு இருக்கும் இடம். அதற்குப் பக்கத்தில் சொந்த ஊர். அதற்குக் கீழே அக்காவுக்கு மட்டும் புரிகிற குறிப்புகள். "தென்காசி. மாமியாருக்கு உப்பு ஆகாது." "சங்கரன்கோவில். மிளகு அப்பளம் மட்டும்." "கோவில்பட்டி. மாசம் முதல் வாரம் கேட்கக் கூடாது, சம்பளம் பத்தாம் தேதி." இப்படி 140 பேர் இருந்தார்கள். ஆடியில் தூறல் பிடித்துக்கொண்டு வடகம் காயாமல் போனால், யாருக்கெல்லாம் "அடுத்த வாரம்" என்று சொல்ல வேண்டும் என்பதும் அந்த டைரியில்தான்.

நான் அப்போது சேர்ந்த கம்பெனி, மற்ற கம்பெனிகளுக்காக லட்சக்கணக்கில் மெயில் அனுப்பும் மென்பொருள் செய்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஏதோ ஒரு வகையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் மென்பொருள்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தத் திமிரில் அக்காவின் வியாபாரத்துக்கு நானாகவே ஆலோசகர் ஆனேன். சம்பளம், ஒரு பாக்கெட் உளுந்து அப்பளம் :-)

முதலில் எஸ்.எம்.எஸ். 140 பேருக்கும் ஒன்றொன்றாகப் போன் செய்வதற்குப் பதில் மொத்தமாக ஒரு செய்தி. அப்போதெல்லாம் எஸ்.எம்.எஸ். பேக் போட்டிருந்தாலும் தீபாவளி, புத்தாண்டு அன்றைக்கு அது செல்லாது, ஞாபகம் இருக்கிறதா? வியாபாரம் நடக்கிற நாள் பார்த்துக் காசு பிடுங்குவார்கள். பிறகு, தொல்லை அழைப்புகளையும் விளம்பரச் செய்திகளையும் அடக்குவதற்காக, 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.தான் என்று ட்ராய் கட்டுப்பாடு போட்டது. சில வாரங்களில் அதை 200 ஆக்கினார்கள். அந்த நடுவாரங்களில் அக்காவின் 140 பேரை இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பினோம். பெரிய தொல்லைக்காரர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் நம்ம அயிரை மீனும் மாட்டிக்கொண்டது.

இதற்கு நடுவில் ஆர்க்குட் வந்தது. 2004 ஜனவரியில் தொடங்கியது. அதே ஆண்டு பெங்களூரில் கூகுள் ஆபீஸ் திறந்தது. ஆரம்பத்தில் யாராவது அழைப்பு அனுப்பினால்தான் உள்ளே போக முடியும், அதனால் அழைப்புக்கே ஒரு மவுசு. ஸ்க்ராப் எழுதுவதும் டெஸ்டிமோனியல் வாங்குவதுமாக நாம் அடித்த கூத்து கொஞ்சமா நஞ்சமா? ஊர்ப்பெயரில் ஒரு குழுமம் ஆரம்பித்து, அதில் அக்காவின் அப்பளத்தைப் பற்றி எழுதினேன். மாரத்தஹள்ளியிலிருந்தும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் பையன்கள் பைக்கில் வந்து வாங்கிப் போனார்கள். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்க்குட்டை மூடினார்கள். நம் படங்களையும் எழுத்தையும் இறக்கி எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை நேரமும் கொடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டேன். என்னோடு அறையில் இருந்து, 2009-இல் விபத்தில் போய்ச் சேர்ந்த நண்பன் எனக்கு எழுதிய அத்தனையும் அதோடு போயிற்று. அது யார் தப்பும் இல்லை, என் சோம்பேறித்தனம்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

2012-இல் ஒரு சமூக வலைத்தளத்தில் அக்காவின் அப்பளத்துக்கு ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தேன். எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. மூத்த பெண் அழகாகப் படம் எடுத்துப் போட்டாள். ஆறு மாதத்தில் 800 பேர், ஒன்றரை வருடத்தில் 2,000 பேரைத் தாண்டியது. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஆர்டர், பன்னேர்கட்டா ரோட்டிலிருந்து ஆர்டர், ஷார்ஜாவில் இருக்கும் மகனுக்குக் கொடுத்துவிட ஐந்து கிலோ என்று ஆர்டர். உதவிக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொள்கிற அளவுக்கு வளர்ந்தது. அந்த மூன்று வருட வருமானத்தில்தான் மூத்தவளின் இன்ஜினியரிங் படிப்பு முடிந்தது. இதை நான் மறைக்கவே மாட்டேன். அந்தப் பக்கம் இல்லாமல் அந்தப் படிப்பு இல்லை.

அந்த ஜோரில்தான், 2013-இல் ஒரு நாள், டைரியில் புது நம்பர் எழுதிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்: "இன்னும் எதுக்குக்கா இந்த டைரி? எல்லாரும் பக்கத்துல இருக்காங்க. ஆர்டரும் அங்கதான் இருக்கு, அட்ரஸும் அங்கதான் இருக்கு. ரெண்டு வேலை எதுக்கு?"

அக்கா தயங்கினார். "ஆள் யாருன்னு தெரியணும்லா தம்பி" என்றார். நான் சிரித்தேன். படித்த தம்பி சொல்கிறான் என்று எழுதுவதை நிறுத்திவிட்டார்.

இதற்குப் பிறகு உலகத்தில் என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் எல்லாருக்கும் கதவைத் திறந்தது. 2007 நவம்பரில் வியாபாரிகளுக்கான பக்கங்களைக் கொண்டுவந்தது. சும்மா கிடைக்கிற இடம் என்றதும் உலகமே கடை போட்டது. 2014-இல் அவர்களே ஒரு கணக்கு சொன்னார்கள்: ஒருவர் உள்ளே வரும்போது அவருக்குக் காட்டத் தகுந்தவை சராசரியாக 1,500 இருக்கின்றன, அதில் சுமார் 300-ஐத்தான் காட்டுகிறோம் என்று. மிச்சம் 1,200-இல் யாரோ ஒரு வியாபாரியின் இட்லிப் பொடியும் இருந்திருக்கும். 2016-இல் இன்ஸ்டாகிராமும் நேர வரிசையைக் கைவிட்டு, எது முதலில் வர வேண்டும் என்பதைத் தன் கணக்குப்படி முடிவு செய்ய ஆரம்பித்தது. 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க், இனி நண்பர்கள், உறவினர்கள் போடுவதற்குத்தான் முன்னுரிமை, கம்பெனிகளும் ஊடகங்களும் போடுவது குறையும் என்று அறிவித்தார்.

பயன்படுத்துகிறவர் பக்கம் நின்று பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. தங்கச்சி குழந்தையின் படத்தைப் பார்க்கப் போகிறவருக்கு நாற்பது கடை விளம்பரம் எதற்கு? ஆனால் வியாபாரி பக்கம் நின்றால் கதை வேறு. நீங்கள் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்த 2,000 பேரிடம் நீங்களே பேச வேண்டும் என்றால் இனிமேல் காசு.

அந்தக் காசு எவ்வளவு என்பதும் நிலையான விலை கிடையாது. அது ஏலம். உங்கள் முன்னால் ஒரு விளம்பரம் வந்து நிற்கிறதே, அது வருவதற்கு முன் கண்ணிமைக்கிற நேரத்தில் உங்களுக்காக ஒரு ஏலம் முடிந்திருக்கும். கேட்ட தொகை, நீங்கள் அதைத் தட்டுவதற்கான வாய்ப்பு, விளம்பரத்தின் தரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். இப்போது யோசியுங்கள். தீபாவளிக்கு முன் மூன்று வாரம். ராமமூர்த்தி நகர் அக்காவும் ஏலத்தில் நிற்கிறார். இதே ஊரில் 2007-இல் தொடங்கி, 2014 அக்டோபரில் பிக் பில்லியன் டே என்று திருவிழா விற்பனையை ஆரம்பித்து வைத்த ஃப்ளிப்கார்ட்டும் நிற்கிறது. இன்னும் செல்போன் கம்பெனி, நகைக்கடை, பேங்க் எல்லாரும் நிற்கிறார்கள். கேட்பது ஒரே ஆளை. அப்பளத்தின் லாபத்தில் அந்த விலை கட்டுமா? யாரும் அக்காவுக்கு அநியாயம் செய்யவில்லை. ஏலத்தின் குணமே அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிழைக்க வந்த ஊரில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

மார்க்கெட்டிங் பாடத்தில் முதல் அத்தியாயமே "உங்களை எல்லாரும் பார்க்க வேண்டும்" என்பதுதான். ஆனால் எல்லாரும் நம்மைப் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிற வாரங்களும் நமக்கு உண்டு. 2012 ஆகஸ்டில் இதே பெங்களூரில் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பையைத் தூக்கிக்கொண்டு குவாஹாட்டி ரயிலில் ஏறினார்கள். தாக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ்.ஸில் பரவிய வதந்திதான் காரணம். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதை மத்திய அரசு 15 நாளைக்குத் தடுக்க வேண்டி வந்தது. நான்கு வருடம் கழித்து 2016 செப்டம்பரில் நம் முறை. காவிரிப் பிரச்சினை. ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு கேலிக்காகத் தமிழ்ப் பையன் ஒருவனை அடிக்கிற வீடியோ இங்கே சுற்றியது. ராமேஸ்வரத்தில் கர்நாடக டிரைவரை அடிக்கிற வீடியோ பதிலுக்குச் சுற்றியது. செப்டம்பர் 12 அன்று கே.பி.என். டிப்போவில் 40-க்கும் மேற்பட்ட பஸ்கள் எரிந்தன. நம்மில் எத்தனை பேர் அன்றைக்குத் தமிழ்நாட்டு நம்பர் பிளேட் போட்ட வண்டியைப் போர்வை போட்டு மூடினோம்!

அன்று மாலை அக்கா போன் செய்தார். குரல் நடுங்கியது. "தம்பி, அந்தப் பக்கத்துல தமிழ்ல பேரு இருக்குலா, வீட்டு அட்ரஸும் இருக்கு. அத எடுத்துருதியா?"

அட்ரஸை எடுத்துவிட்டேன். பெயரை மாற்ற மனு போட்டால் பரிசீலித்துச் சொல்கிறோம் என்று வந்தது. அந்த ராத்திரி முழுக்க அந்தப் பெயர் அப்படியேதான் இருந்தது. எதிர்வீட்டுக் கன்னட அம்மா வந்து "ஏனூ ஆகல்லா, நாவித்தீவி" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் ஆகாது, நாங்கள் இருக்கிறோம் என்பதைக் காட்டத் தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் படுக்க வைத்துக்கொண்டார். அவரும் அக்காவின் டைரியில் இருப்பவர்தான். முதல் பக்கத்திலேயே இருப்பார். அவருக்கு அக்கா யாரென்று தெரியும். பக்கத்தைப் பின்தொடர்ந்த 2,000 பேரில் யார் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. யார் யார் என்பது வேறு கணக்கு. அன்றைக்குத்தான் எனக்கு இது லேசாக உறைத்தது. அப்புறம் ஊர் அடங்கியது, நானும் மறந்துவிட்டேன்.

2019 தொடக்கத்தில் ஒரு காலை, பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை. பாதுகாப்புக்காக ஒரு நம்பருக்குக் குறியீடு அனுப்புவதாகச் சொன்னது. அந்த நம்பர் மூத்தவள் கல்லூரிக் காலத்தில் வைத்திருந்த சிம். எப்போதோ காலாவதியாகிவிட்டது. எழுதிப் பார்த்தோம், படிவம் நிரப்பினோம், ஆதார் படம் அனுப்பினோம். தானாக வருகிற பதில் வந்தது. மனிதர் யாரும் வரவில்லை. இருபது வருடம் இதே துறையில் குப்பை கொட்டுகிற எனக்கே யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. ஏழு வருட ஆர்டர், விலாசம், பேச்சு எல்லாம் உள்ளே. அக்கா வெளியே.

அப்போதுதான் அந்த டைரியைப் பரணிலிருந்து எடுத்தார்.

2013-க்கு அப்புறம் ஒரு வரியும் இல்லை. இருந்த 140 பேரில் லேண்ட்லைன்கள் முக்கால்வாசி செத்திருந்தன. சிலர் ஊரோடு போயிருந்தார்கள். நானும் அக்காவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். எடுத்தவர்களில் ஒரு ஆச்சி, ஜாலஹள்ளியில் இருக்கிறவர். அக்கா குரலைக் கேட்டதும் சொன்னார்: "ஏட்டி, நீ அப்பளம் போடறத நிறுத்திட்டேன்னுல்லா நெனச்சேன். ஆறு வருசமா ஏன் கூப்பிடல?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆச்சியிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பட்டன் போன். நாங்கள் எஸ்.எம்.எஸ்.ஸை விட்டுவிட்டுப் பக்கத்துக்குக் குடிபோன அன்றைக்கே ஆச்சியை வழியில் இறக்கிவிட்டுவிட்டோம். யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பக்கம் தினமும் காட்டும். விட்டுப் போனவர்கள் யார் என்று காட்டவே காட்டாது. ஒவ்வொரு தொழில்நுட்ப மாற்றத்திலும் இந்த இறக்கிவிடல் நடக்கிறது. பெரும்பாலும் இறங்குவது வயசானவர்கள்.

கடைசியில் டைரியில் தேறியது 38 பேர். மறுபடி எழுத ஆரம்பித்தார் அக்கா. இந்த 38 பேர் சொல்லி இன்னும் கொஞ்சம் பேர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது டைரியில் 90 பேர் இருந்தார்கள். கடைக்குப் போக முடியாமல் அடைந்து கிடந்த பெரியவர்களுக்குப் பொடியும் வடகமும் தேவைப்பட்டது. அனுமதித்த நேரத்தில் அத்தானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவார். அந்த நான்கைந்து மாதம் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த 90 பேரால்தான்.

அதே வருடம் ஜூன் 29 அன்று டிக்டாக்கையும் சேர்த்து 59 சீனச் செயலிகளை அரசு தடை செய்தது. சரியா தப்பா என்ற விவாதம் வேறு. அதில் ஆடிப்பாடிச் சம்பாதித்துக்கொண்டிருந்த சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே ராத்திரியில் மேடை போனது என்பது மட்டும் உண்மை. அடுத்த சில நாட்களிலேயே பெங்களூரின் ஷேர்சாட் கம்பெனி மோஜ் என்று ஒன்றை இறக்கியது, இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்தது. மேடை புதிது, ரசிகர்கள் பூஜ்யத்திலிருந்து. பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2-இல் மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15-இல் மூடப்பட்டன. இதே பெங்களூரில் பிறந்து, முதலில் கன்னடத்திலும் பிறகு தமிழ் உட்படப் பல மொழிகளிலும் பேசிய கூ என்ற மஞ்சள் குருவி 2020-இல் பறக்க ஆரம்பித்து 2024 ஜூலையில் விழுந்தது. அன்னியக் கம்பெனி என்றால்தான் ஆபத்து, நம்மூர்க் கம்பெனி என்றால் நிலைக்கும் என்பதும் கிடையாது. தாய்மொழி மேல் பாசம் இருப்பதால் மட்டும் சர்வர் வாடகை கட்டிவிட முடியாதே.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ எல்லாத்தையும் மூடிட்டு டைரி எழுதச் சொல்றீங்களா பாஸ்?" என்று கேட்பீர்கள். அது இல்லை.

நம்ம பக்கம் ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? காட்டுக்குள், ஆற்றங்கரையில், குடிசை போட்டு நாள்கணக்கில் ஜனம் தங்கும். அந்தக் கூட்டத்தை நம்பிக் கடை போடுவார்கள். வளையல், பொரி, அல்வா, பிளாஸ்டிக் குடம். நல்ல வியாபாரம். போடாதே என்று யாராவது சொல்வார்களா? ஆனால் அந்தக் கடைக்காரர் ஒருவராவது அம்பாசமுத்திரத்தில் இருக்கிற சொந்தக் கடையைக் காலி செய்துவிட்டு, இனிமேல் காரையாரே போதும் என்று போவாரா? திருவிழா முடியும் என்று அவருக்குத் தெரியும். நான்கு நாளில் வந்து வாங்கியவர்களிடம் "நம்ம கடை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கு, வாங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

படிக்காத அந்த மனுஷனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு புதுத் தளமும் ஒரு திருவிழா. கூட்டம் இருக்கிறவரை கடை போட வேண்டும், வெட்கப்படாமல் கூவ வேண்டும். ஆனால் அங்கே பார்த்த ஆளை, அவர் சம்மதத்தோடு, நம் வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பெயர், நம்பர், ஊர், என்ன பிடிக்கும். அது காகிதமாக இருக்கலாம், எக்செல் தாளாக இருக்கலாம். நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸப்பும் இதற்கு விலக்கல்ல. 2014-இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது, 2018 ஜனவரியில் வியாபாரிகளுக்கென்றே தனிச் செயலி வந்தது. அருமையான கருவி, அக்காவும் இன்று அதில்தான் ஆர்டர் எடுக்கிறார். ஆனால் ஆர்டர் வந்த ராத்திரியே நம்பர் டைரிக்குப் போய்விடும்.

இப்போது ஏஐ. அந்தப் போன்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து பலர் தேடுவதை விட்டுவிட்டுக் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவில் கூகுளிலேயே பல கேள்விகளுக்கு ஏஐ எழுதிய பதில் மேலே நிற்கிறது, சுட்டிகள் கீழே போய்விட்டன. நாளைக்கு யாராவது "கிழக்கு பெங்களூரில் நல்ல அப்பளம் எங்கே" என்று கேட்டால் அந்தப் பதிலில் அக்கா பெயர் வரலாம், வராமலும் போகலாம். எதனால் வந்தது, எதனால் வரவில்லை என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மாசம் எட்டாயிரம் கேட்கிறவருக்கும் தெரியாது. முன்பாவது முதல் பக்கமா ஐந்தாம் பக்கமா என்று வரிசை தெரிந்தது. இப்போது வரிசையே இல்லை. அதனால் டைரியின் மதிப்பு கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை என்பது என் கட்சி. எந்த ஏஐயிடமும் கேட்காமல் நேராக அக்காவுக்குப் போன் செய்கிறவர் எத்தனை பேரோ, அவ்வளவுதான் அக்காவின் சொத்து.

நம்மில் பலருடைய மனைவியோ அம்மாவோ அக்காவோ இன்று புடவை, ஊறுகாய், டியூஷன், கோலப் பயிற்சி என்று ஏதோ ஒன்றை ஆன்லைனில் செய்துகொண்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று நம்மிடம்தான் யோசனை கேட்கிறார்கள். எண்ணிக்கையைக் காட்டி அவர்களை மயக்காதீர்கள். "இந்தப் பக்கம் நாளைக்குக் காலைல இல்லேன்னா, எத்தனை பேருக்கு உங்களால போன் பண்ண முடியும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் முப்பது என்றால், அந்த வியாபாரத்தின் அளவு முப்பதுதான். அதிலிருந்து கட்டத் தொடங்கலாம்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். "எட்டாயிரம்லாம் வேண்டாம்க்கா. சின்னவள ரெண்டு வீடியோ எடுத்துப் போடச் சொல்லுங்க, நான் கூட இருக்கேன். வந்த ஆள டைரில எழுதிக்கோங்க" என்றேன்.

"அத நான் எழுதிட்டுதான் இருக்கேன். ஒன் பேச்சக் கேட்டு ஒரு தடவ நிறுத்துனது போதும்" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஜாலஹள்ளி ஆச்சி போன மாசம் தவறிட்டாங்க, தெரியுமா? அவங்க மருமவ கூப்பிட்டுச் சொன்னா. அவ நம்பர அதே பக்கத்துல எழுதிக்கிட்டேன்" என்றவர், கடைசி வார்த்தையில் சிரிக்கவில்லை.

தங்கமணியிடம் சொன்னேன். "பரவாயில்லையே, இருபது வருஷத்துல ஒண்ணு தேறிட்டீங்க" என்று ஒரு காபி கிடைத்தது.

டிஸ்கி: அக்காவின் நம்பர் கேட்டு யாரும் மெயில் அனுப்ப வேண்டாம். தூறல் மாசம், வடகம் காயவில்லை, டைரியில் இருக்கிறவர்களுக்கே "அடுத்த வாரம்" தானாம் :-)